தனி சர்வர் இல்லாத அலுவலகத்தில் எல்லாக் கணினிகளிலிருந்தும் அச்சிடுவதற்கான வழிமுறை

ஆடிட்டர் அலுவலகம், ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுக்கும் இடம், மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் பிரிவு போன்றவற்றில் ஐந்தாறிலிருந்து பதினைந்து கணினிகள் வரை இருக்கும். இரண்டு மூன்று பிரிண்டர்கள் இருக்கும். சர்வர் என்று தனியாக எதுவும் இருக்காது. இந்த அளவுக்குச் சர்வர் தேவையும் இல்லை. ஆனால், சர்வர் இல்லாத காரணத்தால் யாரோ ஒருவருடைய கணினியில் பிரிண்டரைச் செருகிவிட்டு, மற்றவர்கள் எல்லோரும் அதன் வழியாகவே அச்சிடும்படி செய்துவிடுவது பரவலான வழக்கமாக இருக்கிறது. அந்த ஒருவர் விடுப்பில் போனாலும், கணினியை மூடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனாலும் அலுவலகம் முழுவதும் அச்சு நின்றுவிடும். பிரிண்டரில் நெட்வொர்க் வசதி இருந்தால், ஒவ்வொரு கணினியும் இடையில் வேறு கணினி எதுவும் இல்லாமல் நேராகப் பிரிண்டருடன் பேசும்படி அமைப்பதே முதல் வழி. ஒரு கணினியில் செருகிய பிரிண்டரை மற்றக் கணினிகளுக்கும் திறந்துவிடும் பகிர்வு என்பது, நெட்வொர்க் வசதி இல்லாத பிரிண்டர்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டிய இரண்டாம் வழி. கீழே உள்ள விளக்கம் இந்த வரிசையிலேயே செல்கிறது. கணினிகளில் விண்டோஸ் 10 அல்லது 11 இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கான குறிப்புகள் பின்னால் வருகின்றன.

முதலில் பிரிண்டரின் பின்புறத்தைப் பாருங்கள்

வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு பிரிண்டரின் பின்புறத்தையும் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். தொலைபேசி வயரின் முனையைவிடச் சற்று அகலமான, எட்டுக் கம்பிகள் கொண்ட லேன் கேபிள் செருகும் துளை இருந்தால், அது நெட்வொர்க் பிரிண்டர். சதுர வடிவ யுஎஸ்பி துளை மட்டும் இருந்து, வைஃபை வசதியும் இல்லையென்றால், அதை நேராக நெட்வொர்க்கில் சேர்க்க முடியாது. இந்தியாவில் பல ஆண்டுகளாக விற்றுத் தீர்ந்த எச்பி லேசர்ஜெட் 1020, எம்1005, கேனான் எல்பிபி2900 ஆகிய மூன்றும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இன்றும் பல மேசைகளில் இவை உழைத்துக்கொண்டிருப்பதால், இவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை.

வைஃபையும் லேன் துளையும் இரண்டுமே இருக்கும் பிரிண்டரில் லேன் கேபிளையே தேர்ந்தெடுங்கள். ரவுட்டரின் வைஃபை கடவுச்சொல்லை யாராவது மாற்றிவிட்டால், வைஃபையில் இருக்கும் பிரிண்டர் துண்டிக்கப்பட்டுவிடும். அதன் சிறிய திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் புதிய கடவுச்சொல்லைக் கொடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால், பிரிண்டரை எல்லோருக்கும் எட்டும் இடத்தில் வைக்க முடியும். யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை.

பிரிண்டருக்கு நிலையான முகவரி

இந்த வேலையின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். மற்ற எதை அவசரமாகச் செய்தாலும் இதை நிதானமாகச் செய்ய வேண்டும்.

நெட்வொர்க்கில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் ஐபி முகவரியைத் தருகிறது. இந்த முகவரி நிரந்தரமானதன்று. குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கப்பட்டுப் புதுப்பிக்கப்படுவது. சிறிய ரவுட்டர்கள் பலவற்றில், யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற பட்டியல் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் பட்டியல் அழிந்துவிடும்; முதலில் கேட்பவருக்கு முதல் முகவரி என்று ரவுட்டர் புதிதாகப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கும். நேற்று 192.168.1.5 ஆக இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.9 ஆகிவிடும், பழைய முகவரி ஓர் ஊழியரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கணினிகள் எல்லாம் வழக்கம்போல 5-ஆம் எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். "நேற்று வரை நன்றாக ஓடியது, நாங்கள் எதையும் தொடவில்லை" என்று அலுவலகத்தில் சொல்வார்கள்; அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, ரவுட்டரிலேயே முன்பதிவு செய்துவைப்பது. பிரிண்டரின் மெனுவில் இருந்து அமைப்பு விவரப் பக்கத்தை அச்சிட்டால், அதில் மேக் முகவரி என்ற பன்னிரண்டு எழுத்தெண்கள் கொண்ட அடையாளம் இருக்கும். லேன், வைஃபை இரண்டும் உள்ள பிரிண்டரில் இவை இரண்டுக்கும் வெவ்வேறு மேக் முகவரிகள் இருக்கும் என்பதால், நீங்கள் பயன்படுத்தப்போகும் இணைப்புக்கு உரியதையே எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு கணினியின் பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைக் கொடுத்து உள்ளே சென்று, முகவரிகளைப் பங்கிடும் வேலைக்கான டிஎச்சிபி பிரிவில் முகவரி முன்பதிவு என்ற பொருளில் இருக்கும் பக்கத்தைத் திறந்து, அந்த மேக் முகவரிக்கு இந்த ஐபி முகவரி என்று எழுதிச் சேமித்தால், பிரிண்டர் எத்தனை முறை அணைந்து எழுந்தாலும் அதே முகவரியைப் பெறும்.

இரண்டாம் வழி, பிரிண்டரிலேயே முகவரியைக் கைப்பட எழுதிவிடுவது. இதில் கவனிக்க வேண்டியது, ரவுட்டர் தானாகப் பங்கிடும் வரிசைக்கு வெளியே உள்ள எண்ணைத் தேர்ந்தெடுப்பது. எடுத்துக்காட்டாக, ரவுட்டர் 192.168.1.1 என்றும், அது பங்கிடுவது 100 முதல் 199 வரை என்றும் வைத்துக்கொண்டால், பிரிண்டருக்கு 192.168.1.50 கொடுக்கலாம். சப்நெட் மாஸ்க் 255.255.255.0; கேட்வே, ரவுட்டரின் முகவரி. சில ரவுட்டர்கள் 2 முதல் 254 வரை எல்லாவற்றையும் பங்கிடும்படி விற்பனைக்கு வருகின்றன. அப்படியானால் முதலில் அந்த எல்லையைக் குறுக்கிவிட்டு வர வேண்டும். இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், முதலாவதையே சொல்வேன்; ஏனெனில், எந்த எண் யாருக்குப் போயிருக்கிறது என்ற கணக்கு ஒரே இடத்தில் இருக்கும். ரவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல் கைவசம் இல்லாத அலுவலகங்களுக்கு இரண்டாவது.

இணையச் சேவை நிறுவனத்தை மாற்றும்போது ரவுட்டரும் மாறும் என்பதையும் இங்கேயே நினைவில் கொள்ள வேண்டும். பெரும்பாலான ரவுட்டர்கள் 192.168.1 அல்லது 192.168.0 என்ற வரிசையைப் பயன்படுத்துகின்றன. ஜியோ ஃபைபர் ரவுட்டர்களில் அது 192.168.29 என்று இருக்கும். வரிசை மாறினால், கைப்பட முகவரி எழுதப்பட்ட பிரிண்டரைக் கணினிகளால் எட்ட முடியாது. இணைப்பு கொடுக்க வருபவரிடம், புதிய ரவுட்டரில் பழைய வரிசையையே வைக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். ரவுட்டரையும், லேன் கேபிள்களை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் இணைத்துவிடுங்கள். அவை எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருகக் கூடாது. மையைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃபியூசர் சூடேறும் கணத்தில் இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது.

ஒவ்வொரு கணினியிலும் சேர்ப்பது

முகவரி நிலைபெற்ற பிறகு, தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து அந்த மாதிரிக்கான 64-பிட் டிரைவரை (பிரிண்டருடன் பேசக் கணினிக்குத் தேவையான மென்பொருளை) பதிவிறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு கணினியிலும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுள்ள கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ் பகுதியில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தைத் திறந்து, புதிய பிரிண்டர் சேர்க்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

விண்டோஸ் தானாகத் தேடத் தொடங்கும். பிரிண்டரின் பெயர் பட்டியலில் தோன்றினால் உடனே அதைச் சொடுக்கத்தான் கை போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்க்கும்போது பல நேரங்களில் டபிள்யூஎஸ்டி என்ற வகை போர்ட் (கணினி பிரிண்டருக்கு அனுப்பும் வழி) உருவாகிவிடுகிறது. இது முகவரியை நம்பாமல், நெட்வொர்க்கில் பிரிண்டரைக் கூவி அழைத்துக் கண்டுபிடிக்கும் முறை. வீட்டில் ஒரு கணினிக்கு இது போதும். அலுவலகத்தில், பிரிண்டர் தூக்க நிலைக்குப் போய் எழும்போது "ஆஃப்லைன்" என்று காட்டி அச்சு தேங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே, தேடல் தொடங்கிய சில நொடிகளில் கீழே தோன்றும், பட்டியலில் இல்லாத பிரிண்டரைக் கைப்படச் சேர்க்கும் இணைப்பைச் சொடுக்குங்கள். அடுத்த பெட்டியில் ஐபி முகவரியைக் கொண்டு சேர்ப்பது என்ற தேர்வு இருக்கும். கருவியின் வகை கேட்கும் இடத்தில் "ஆட்டோடிடெக்ட்" என்று இருப்பதை "டிசிபி/ஐபி டிவைஸ்" என்று மாற்றி, 192.168.1.50 என்று நாம் நிலைப்படுத்திய முகவரியைக் கொடுக்க வேண்டும். பிரிண்டரைக் கேட்டு டிரைவரைத் தானே தேர்ந்துகொள்ளும் வசதிக்கான குறியை எடுத்துவிடுங்கள். பிறகு டிரைவர் கேட்கும் பக்கத்தில் "ஹேவ் டிஸ்க்" பொத்தான் மூலம் பென்டிரைவில் உள்ள கோப்பைக் காட்ட வேண்டும். பதிவிறக்கிய கோப்பு ஒற்றை நிறுவல் கோப்பாக இருந்தால், முதலில் அதை விரித்து வைத்துக்கொள்வது அவசியம்.

இந்த வழியில் சேர்த்த பிரிண்டரை விண்டோஸ் அந்தக் கணினிக்கே உரியதாகக் கருதுகிறது. எனவே, ஒரு கணினியில் காலையில் ஒருவரும் மாலையில் இன்னொருவரும் வெவ்வேறு கணக்குகளில் நுழைந்தாலும், ஒரு முறை சேர்த்ததே இருவருக்கும் போதும். மற்றொரு கணினியின் பகிர்வு வழியாகச் சேர்த்தால், ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியே சேர்க்க வேண்டியிருக்கும்.

பெயர் வைக்கும்போது மாதிரி எண்ணை விட்டுவிட்டு, இடத்தைக் குறிக்கும் பெயராக வைத்தால் எல்லோருக்கும் எளிது: "ரிசப்ஷன் லேசர்", "கணக்கு அறை கலர்" என்பது போல. எல்லாக் கணினிகளிலும் ஒரே பெயர் இருக்கட்டும். இதே பெட்டியில் பிரிண்டரைப் பகிரலாமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு கணினியும் நேராகப் பேசும்போது பகிர்வுக்கு அங்கே வேலை இல்லை.

சேர்த்து முடித்ததும் நான்கு இடங்களைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ் சாளரத்தின் போர்ட்ஸ் பிரிவில் "கான்ஃபிகர் போர்ட்" என்பதைத் திறந்தால், நெறிமுறை "ரா" என்றும், போர்ட் எண் 9100 என்றும் இருக்க வேண்டும். எச்பி நிறுவனம் 1990-களில் தன் ஜெட்டைரக்ட் அட்டைகளில் பயன்படுத்தத் தொடங்கி, பிறகு ஏறத்தாழ எல்லாத் தயாரிப்பாளர்களும் ஏற்றுக்கொண்ட எண் இது. இரண்டாவது, அதே சாளரத்தில் எஸ்என்எம்பி என்ற முறையில் பிரிண்டரின் நிலையைக் கேட்டறிவதற்கான ஒரு குறி இருக்கும். பிரிண்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கணினி மட்டும் "ஆஃப்லைன்" என்று பிடிவாதம் பிடித்தால், அந்தக் குறியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். நிலை கேட்டு அனுப்பும் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதைப் பிரிண்டரே இல்லை என்று விண்டோஸ் எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் அது.

மூன்றாவது, தாளின் அளவு. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் டிரைவர் தன் இயல்பு அளவாக லெட்டர் தாளை எடுத்துக்கொள்ளும். பிரிண்டரோ தட்டில் ஏ4 இருக்கிறதே என்று நின்றுவிட்டு, லெட்டர் தாளை வைக்கச் சொல்லி விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். இதற்குப் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸின் அட்வான்ஸ்டு பிரிவில் உள்ள "பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்" என்பதில் ஏ4 என்று மாற்ற வேண்டும். "பிரிஃபரன்சஸ்" என்பதில் மாற்றினால் அப்போது நுழைந்திருக்கும் பயனருக்கு மட்டுமே அது பொருந்தும். தாளின் இருபுறமும் அச்சிடுவதை இயல்பாக்க விரும்பினாலும் மாற்ற வேண்டிய இடம் இதுவே. நான்காவது, செட்டிங்ஸ் பக்கத்தில் இயல்புநிலைப் பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கும் என்ற தேர்வை நிறுத்திவிட்டு, எது முதன்மையானது என்று நீங்களே குறித்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், கடைசியாக எந்தப் பிரிண்டரில் அச்சிட்டோமோ அதையே விண்டோஸ் முதன்மையாக்கிவிடும். சம்பளப் பட்டியல் ரிசப்ஷன் மேசையில் போய் விழும்.

பிறகு ஒரு சோதனைப் பக்கம் எடுத்துவிட்டு, அடுத்த கணினிக்குப் போகலாம். எதிர்காலத்தில் பிரிண்டரின் முகவரி மாற நேர்ந்தால், எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவத் தேவையில்லை; கான்ஃபிகர் போர்ட் சாளரத்தில் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

யுஎஸ்பி மட்டுமே உள்ள பிரிண்டரைப் பகிர்தல்

இங்கே ஏதாவது ஒரு கணினி இடைத்தரகராக இருந்தாக வேண்டும். எந்தக் கணினி என்ற தேர்வில்தான் பின்னால் வரும் தொல்லைகளின் அளவு முடிவாகிறது. முதலாளியின் லேப்டாப் கூடவே கூடாது. காலையில் முதலில் திறக்கப்பட்டு மாலையில் கடைசியாக மூடப்படும், லேன் கேபிளில் இணைந்த மேசைக் கணினியைத் தேர்ந்தெடுத்து, பவர் அமைப்பில் அது ஒருபோதும் தூங்காதபடி மாற்றிவிட வேண்டும், திரை அணையலாம். விண்டோஸ் 10, 11 பதிப்புகள் ஒரே நேரத்தில் 20 கருவிகள் வரை இப்படி இணைய அனுமதிக்கின்றன.

அந்தக் கணினியில் நெட்வொர்க்கின் வகை "பிரைவேட்" என்று இருக்கிறதா எனப் பார்த்து, கோப்பு மற்றும் பிரிண்டர் பகிர்வை இயக்குங்கள். பிறகு பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ஷேரிங் பிரிவுக்குச் சென்று, இடைவெளி இல்லாத குறுகிய ஆங்கிலப் பெயர் ஒன்றைக் கொடுத்துப் பகிர வேண்டும்.

இதற்கு மேல் பலரும் தடுமாறும் இடம் கடவுச்சொல். முன்பெல்லாம் கடவுச்சொல் இல்லாத பகிர்வை எல்லோரும் பயன்படுத்தினார்கள். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பில் அந்த விருந்தினர் வழி இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கிறது. அடைப்பைத் திறப்பதற்கான குறுக்குவழிகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைத்தாலும், அவற்றைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. சரியான வழி சுலபமானது. பிரிண்டர் இருக்கும் கணினியில், மைக்ரோசாஃப்ட் கணக்குடன் தொடர்பில்லாத சாதாரண உள்ளூர்க் கணக்கு ஒன்றை அச்சுக்காகவே உருவாக்கி, அதற்கு ஒரு கடவுச்சொல் கொடுங்கள். மற்றக் கணினிகளில் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பிரிவில் அந்தக் கணினியின் பெயரையும் இந்தக் கணக்கையும் கடவுச்சொல்லையும் பதிந்துவிட்டால், அந்தப் பயனரிடம் மீண்டும் கேட்காது. புதிய கணக்கு எதற்கு, இருக்கும் கணக்கையே கொடுத்தால் என்ன என்று நினைத்து, தினமும் நுழையப் பயன்படுத்தும் நான்கு இலக்கப் பின் எண்ணைக் கொடுப்பவர்கள் உண்டு. பின் எண் அந்த ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே. நெட்வொர்க் வழியாக வரும்போது அது செல்லாது.

இரண்டாவது தடை டிரைவர். 2021 ஜூலையில் "பிரிண்ட்நைட்மேர்" என்ற பெயரில் விண்டோஸில் அச்சு வரிசையைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலரில் இருந்த பெரும் பாதுகாப்புக் குறை வெளிவந்தது. பகிரப்பட்ட பிரிண்டரிலிருந்து டிரைவரை இழுத்துக்கொள்ளும் வசதியைக் கொண்டே கணினியைக் கைப்பற்ற முடியும் என்ற நிலை. அதை அடைக்க, அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று வந்த மேம்படுத்தல் முதல், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாதவர்கள் அப்படி டிரைவர் நிறுவுவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதற்குப் பின் வந்த மாற்றங்களில், பழைய மேம்படுத்தல் நிலையில் உள்ள கணினியும் புதியதும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல், 11பி என்றோ 709 என்றோ முடியும் பிழை எண்களைக் காட்டத் தொடங்கின. விண்டோஸின் உள்ளமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் பிழை மறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மாற்றங்கள், அடைத்த ஓட்டையையே மீண்டும் திறப்பவை. முதலில் எல்லாக் கணினிகளையும் ஒரே அளவுக்கு மேம்படுத்திவிட்டுப் பாருங்கள்.

அப்படியும் தகராறு செய்தால், பழைய முறை ஒன்று கைகொடுக்கும். அச்சிட வேண்டிய கணினியில், தயாரிப்பாளரின் டிரைவரை அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்து நிறுவிக்கொண்டு, பிரிண்டரைக் கைப்படச் சேர்க்கும் பெட்டியில் புதிய போர்ட் உருவாக்கும் தேர்வை எடுத்து, வகையாக "லோக்கல் போர்ட்" என்பதைக் குறிக்க வேண்டும். போர்ட்டின் பெயர் கேட்கும் இடத்தில் இரண்டு பேக்ஸ்லாஷ், கணினியின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், பகிர்வுப் பெயர் என்று இடைவெளியின்றி எழுதுங்கள். இப்போது டிரைவர் இந்தக் கணினியிலேயே இருக்கிறது. பக்கத்தை ஆயத்தம் செய்யும் வேலையும் இங்கேயே நடக்கிறது. பிரிண்டர் இருக்கும் கணினி, வந்த பொட்டலத்தை அப்படியே கடத்திவிடுகிறது. டிரைவரை இழுக்கும் பேச்சே எழுவதில்லை.

யுஎஸ்பி பிரிண்டரை நெட்வொர்க்குக்கு மாற்றும் சிறு பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. சில ரவுட்டர்களிலும் யுஎஸ்பி துளை இருக்கிறது. வாங்குமுன் உங்கள் பிரிண்டரின் மாதிரி எண் பெட்டித் தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மேலே சொன்ன லேசர்ஜெட் 1020-ஐ எடுத்துக்கொண்டால், அதற்குள் இயங்கு மென்பொருள் நிரந்தரமாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினியில் உள்ள டிரைவர்தான் அதை அனுப்பி உயிரூட்டுகிறது. இதை அறியாத பெட்டியில் செருகினால், விளக்கு எரியும், தாள் வராது.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்

இன்வாய்ஸை நகல்களுடன் ஒரே அடியில் எடுக்க வேண்டிய இடங்களில் டாட் மேட்ரிக்ஸ் இன்னும் போகவில்லை. அதைப் பில் போடும் கணினியிலேயே நேராக இணைத்துவிட்டு, வேறு ஒன்றிரண்டு கணினிகளுக்கு மட்டும் பகிர்வதே போதும். தொடர்தாளின் அளவு ஏ4 அன்று என்பதால், விண்டோஸில் "பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்" என்ற சாளரத்தில் அந்த நீள அகலத்தைப் புதிய படிவமாகப் பதிய வேண்டும். சர்வர் என்ற பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். எல்லாச் சாதாரணக் கணினிகளிலும் அந்தச் சாளரம் உண்டு. அச்சிடும் ஒவ்வொரு கணினியிலும் இதே பெயரில், இதே அளவில் படிவம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பில்லும் சில வரிகள் நகர்ந்து, நான்காவது பில் கிழிக்கும் கோட்டின் மேலேயே அச்சாகும்.

வேகத்துக்காக "ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி" டிரைவரைப் போடுபவர்கள், அதில் தமிழ் எழுத்துகள் வராது என்பதை அறிந்திருக்க வேண்டும். பிரிண்டருக்குள் பதிந்திருக்கும் எழுத்துருக்களைக் கொண்டு அச்சிடும் முறை அது. வாடிக்கையாளர் பெயர் தமிழில் வர வேண்டுமானால் தயாரிப்பாளரின் டிரைவரைப் போட்டுப் படமாகத்தான் அச்சிட வேண்டும். வேகம் நன்றாகவே குறையும்.

மேக், லினக்ஸ், கைப்பேசி

ஆப்பிளின் மேக் கணினியில் பிரிண்டர் சேர்க்கும் சாளரத்தில் ஐபி பிரிவைத் திறந்து முகவரியைக் கொடுத்து, நெறிமுறையாக ஐபிபி என்பதைத் தேர்ந்தால் பெரும்பாலான புதிய பிரிண்டர்கள் டிரைவர் இல்லாமலே இயங்கும். லினக்ஸில் இதே வேலையை கப்ஸ் என்ற மென்பொருள் செய்கிறது. அதன் நிர்வாகப் பக்கம் அந்தக் கணினியிலேயே 631-ஆம் போர்ட்டில் கிடைக்கும். கைப்பேசியிலிருந்து அச்சிட, ஐஃபோனில் ஏர்பிரிண்ட் என்ற வசதியும் ஆண்ட்ராய்டில் மோப்ரியா என்ற வசதியும் உள்ளன. கைப்பேசியும் பிரிண்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் இணைந்தால் பிரிண்டர் கண்ணில் படாது, படவும் கூடாது.

புதிய பிரிண்டர் வாங்கும்போது லேன் துளையுடன் மோப்ரியா சான்றும் இருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் உள்ள, தயாரிப்பாளர் டிரைவர்களை முற்றிலும் விலக்கிவிடும் பாதுகாக்கப்பட்ட அச்சு முறையைப் பழைய பிரிண்டர்கள் இருக்கும் அலுவலகத்தில் இயக்கிவிடாதீர்கள். பென்டிரைவில் வைத்த டிரைவர் கோப்புகளையும் அழித்துவிடாமல் இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள்.

அச்சு வராதபோது

டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுவதிலிருந்து தொடங்குவது நேரத்தை வீணாக்கும். முதலில் பிரிண்டரின் மெனுவிலிருந்தே அமைப்பு விவரப் பக்கத்தை எடுங்கள். அது வரவில்லை என்றால் கோளாறு நெட்வொர்க்கில் இல்லை. வந்தால், அதில் உள்ள ஐபி முகவரி நீங்கள் குறித்துவைத்ததுதானா என்று பாருங்கள். அடுத்ததாக, கணினியின் பிரவுசரில் அந்த முகவரியைத் தட்டுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறக்க வேண்டும். முகவரி உயிருடன் இருக்கிறதா என்று கேட்கும் பிங் கட்டளையைக் கொடுத்துப் பதில் வந்தால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். அந்த முகவரியைப் பிடித்துக்கொண்ட கைப்பேசியும் பிங் கேள்விக்குப் பதில் சொல்லும். பக்கம் திறந்தும் அச்சு வரவில்லை என்றால்தான் கணினியைச் சந்தேகிக்க வேண்டும்.

வரிசையில் ஒரு கோப்பு சிக்கி, நீக்கச் சொன்னாலும் போகாமல் நின்றால், சர்வீசஸ் சாளரத்தில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32-க்குள் இருக்கும் ஸ்பூல், அதற்குள் இருக்கும் பிரிண்டர்ஸ் ஆகிய கோப்புறைகளைத் திறந்து, பிரிண்டர்ஸில் உள்ள கோப்புகளை மட்டும் அழித்து, ஸ்பூலரை மறுபடி இயக்க வேண்டும். பகிரப்பட்ட பிரிண்டராக இருந்தால் இடைத்தரகர் கணினியிலும் இதையே செய்ய வேண்டியிருக்கலாம். காத்திருந்த மற்றவர்களின் கோப்புகளும் இதில் போய்விடும் என்பதால், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பிரிண்டரின் சொந்தப் பக்கத்துக்குப் பல மாதிரிகளில் கடவுச்சொல்லே இருப்பதில்லை. அல்லது எல்லோரும் அறிந்த இயல்புச் சொல் இருக்கும். அதை மாற்றிவிடுங்கள். 9100-ஆம் போர்ட்டில் அடையாளம் கேட்கும் வழக்கமே இல்லை. எட்டுபவர் எவரும் அச்சிடலாம். ஆகவே வீட்டிலிருந்து அச்சிட வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் அந்தப் போர்ட்டை வெளியே திறந்துவிடக் கூடாது. அப்படித் திறந்து கிடந்த பிரிண்டர்களுக்குத்தான் 2018 நவம்பரில், ஒரு யூடியூபருக்கு ஆதரவு கேட்டு முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய தாள்கள் உலகெங்கும் அச்சாகி வந்தன.

எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் பிரிண்டரின் பெயர், ஐபி முகவரி, மேக் முகவரி, டிரைவர் கோப்பின் பெயர், அது வைக்கப்பட்டிருக்கும் இடம் ஆகியவற்றை அச்சிட்டு, பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். கடவுச்சொற்களை அதில் எழுத வேண்டாம். அவை அலுவலகப் பொறுப்பாளரின் குறிப்பேட்டில் இருக்கட்டும்.